இரண்டாவது கார்டைத் தூங்க வைப்பது எப்படி

என் லேப்டாப் சும்மா இருக்கும்போதும் சுடுகிறது என்பதை லினக்ஸ் போட்டு மூன்று மாதம் கழித்துத்தான் கவனித்தேன். திறந்திருந்தது ஒரு டெக்ஸ்ட் எடிட்டரும் ஒரு பிரவுசரும்தான். அப்படியும் கீபோர்டின் இடது ஓரம் கதகதவென்று இருக்கும். ஃபேன் விடாமல் முனகிக்கொண்டிருக்கும். முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி மூன்று மணி நேரத்தில் காலியாகிவிடும். லினக்ஸில் பேட்டரி அப்படித்தான் என்று யாரோ சொன்னதை நம்பி நானும் விட்டுவிட்டேன். உண்மையில் நான் தொட்டே பார்க்காத என்விடியா கிராபிக்ஸ் கார்டு இராப்பகலாக விழித்துக்கொண்டிருந்தது.

இரண்டு கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் தேடுவது, பெரிய கார்டை எப்படி ஓட வைப்பது என்பதைத்தான். அது பத்து நிமிட வேலை. அதைத் தூங்க வைப்பதற்கு எனக்கு இரண்டு வார இறுதிகள் போயின. அதனால் இங்கே தூக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கில எழுத்தில், நான் வேறு மாதிரி சொன்னாலொழிய எல்லாமே சின்ன எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் உள்ளே இருக்கும் ஏற்பாடு. பிராசசரோடு சேர்ந்தே ஒரு சின்ன கார்டு இருக்கிறது, இன்டெல் அல்லது ஏஎம்டி. தனியாக இன்னொரு பெரிய கார்டு. பெரும்பாலான லேப்டாப்களில் திரைக்குப் போகும் கம்பி சின்ன கார்டில்தான் இணைந்திருக்கும். பெரிய கார்டு படத்தை வரைந்து சின்னதிடம் கொடுக்கும், சின்னது திரையில் காட்டும். என்விடியா இந்த ஏற்பாட்டுக்கு ஆப்டிமஸ் என்று பெயர் வைத்து 2010-இல் கொண்டுவந்தது. லினக்ஸ் பக்கம் அதற்குப் பதிலாக வந்த வசதிக்கு பிரைம் என்று பெயர். இரண்டு பெயரையும் சேர்த்துப் படித்தால் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோ ஆப்டிமஸ் பிரைம் வரும், லினக்ஸின் மையமான கர்னலை எழுதுகிறவர்களின் குறும்பு புரியும்.

ஆரம்ப காலத்தில் லினக்ஸுக்கு இது பெரிய தலைவலி. 2012-இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் தன் ஆப்டிமஸ் லேப்டாப்பைப் பற்றிக் கேட்கப் போய்த்தான் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டினார். அந்தக் காலத்தில் இரண்டு கார்டையும் சமாளிக்க பம்பிள்பீ என்ற திட்டம்தான் கதி. 2011-இல் அதன் நிறுவல் ஸ்கிரிப்டில் ஒரே ஒரு இடைவெளி தவறான இடத்தில் விழுந்ததால், அது யுஎஸ்ஆர் கோப்பகம் முழுவதையும் அழித்துவிட்ட கதையும் உண்டு. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், தேடினால் இன்றைக்கும் முதலில் வந்து நிற்பவை அந்தக் காலத்துக் குறிப்புகள்தான். பம்பிள்பீ, ஆப்டிரன், பிபிஸ்விட்ச் என்ற சொற்கள் ஒரு குறிப்பில் தென்பட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். நான் மூடாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். 2019-இல் வந்த 435 வரிசை டிரைவரிலிருந்து என்விடியாவே பிரைமோடு ஒத்துப்போகிறது, வேறு ஒட்டுவேலை தேவையில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். சில லேப்டாப்களின் பயாஸில் (லினக்ஸ் ஏறும் முன்பே நுழையக்கூடிய அமைப்புத் திரை) 'பெரிய கார்டு மட்டும்' என்று ஓர் அமைப்பு இருக்கும். அது போட்டிருந்தால் திரையே பெரிய கார்டோடு இணைந்துவிடும், அப்புறம் அது எங்கே தூங்க? ஹைப்ரிட் என்று மாற்றிவிட்டு மேலே படியுங்கள்.

இப்போது கார்டின் முகவரியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எல்எஸ்பிசிஐ -டி

இதில் 'டி' மட்டும் பெரிய எழுத்து. வரும் பட்டியலில் விஜிஏ அல்லது 3டி கன்ட்ரோலர் என்று இருக்கும் வரிகளைப் பாருங்கள். என்னுடையதில் இன்டெல் 0000:00:02.0, என்விடியா 0000:01:00.0. உங்களுடையது வேறாக இருக்கலாம், குறிப்பாக ஏஎம்டி பிராசசர் என்றால். எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கட்டளையை அடிக்கடி ஓட்டக் கூடாது. காரணம் இதோ வருகிறது.

கார்டு தூங்குகிறதா என்று கேட்கும் சரியான வழி இதுதான்:

கேட் /சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ்/0000:01:00.0/பவர்/ரன்டைம்_ஸ்டேட்டஸ்

சிஸ் என்பது எஸ், ஒய், எஸ் என்ற மூன்றே எழுத்து. 'சஸ்பெண்டட்' என்று வந்தால் தூங்குகிறது. 'ஆக்டிவ்' என்று வந்தால் விழித்திருக்கிறது. இந்தக் கோப்பைப் படிப்பதால் கார்டு எழாது. ஆனால் எல்லோரும் பழக்கத்தில் ஓட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை கார்டை எழுப்பிவிட்டுத்தான் பதில் சொல்லும். எல்எஸ்பிசிஐ-யும் எழுப்பும். தொட்டிலில் கிடக்கும் குழந்தையைத் தட்டி "தூங்கிட்டியா?" என்று கேட்கிற கதை. நான் ஒரு நாள் முழுக்க அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் கார்டு விழித்திருப்பதாகவே பதில் வந்தது.

அந்தக் கோப்பை நம்பினாலும், நான் இன்னொரு அளவையும் பார்ப்பேன். பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, இரண்டு நிமிடம் எதையும் தொடாமல் இருந்து, /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/ கோப்பகத்தில் பேட்டரிக்கு உள்ளே பவர்_நவ் என்ற கோப்பைப் படியுங்கள். மைக்ரோவாட்டில் எண் வரும், பத்து லட்சத்தால் வகுத்தால் வாட். சில லேப்டாப்களில் அந்தக் கோப்பு இருக்காது. அங்கே பவர்டாப் என்ற மென்பொருள் இதையே காட்டும். என்னுடையது முதலில் 17 வாட் காட்டியது. எல்லாம் சரியான பிறகு 8. என் பேட்டரி 52 வாட்-அவர், மூன்று மணி நேரம் ஆறரை மணி நேரம் ஆன கணக்கு அதுதான்.

இரண்டாவது கார்டும் ஏஎம்டி என்றால் உங்கள் வேலை அநேகமாக முடிந்தது. ஏஎம்டிஜிபியூ டிரைவர் கர்னலோடேயே வருகிறது, சும்மா இருக்கும் கார்டைத் தானே தூங்க வைக்கிறது. எழுப்பும் வழியை மட்டும் கீழே பார்த்துக்கொள்ளுங்கள்.

என்விடியா என்றால், டிரைவரை உங்கள் டிஸ்ட்ரோவின் (உபுண்டு போல நீங்கள் போட்டிருக்கும் லினக்ஸ் வகை) களஞ்சியத்திலிருந்தே நிறுவுங்கள். என்விடியா தளத்திலிருந்து நேரே இறக்கும் நிறுவியைத் தொடாதீர்கள், அடுத்த கர்னல் புதுப்பிப்பில் அழவைக்கும். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத டிரைவரை ஏறவிடாத பாதுகாப்பு) இயங்கிக்கொண்டிருந்தால் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறு தொடக்கத்தில் நீலத்திரை ஒன்று வரும், அதில் 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பலர் அந்தத் திரையைக் கண்டு பயந்து 'கன்டினியூ பூட்' அழுத்திவிட்டு, டிரைவர் ஏன் ஏறவில்லை என்று தேடுகிறார்கள்.

அடுத்ததாக, கார்டு எந்தத் தலைமுறை என்று பாருங்கள். ஆம்பியர், டூரிங், பாஸ்கல் என்பவை என்விடியா தன் கார்டுத் தலைமுறைகளுக்கு வைத்த பெயர்கள். ஆம்பியர் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் புதிய டிரைவரில் தாமாகவே தூங்கும். டூரிங் தலைமுறைக்குத் தூங்கத் தெரியும், ஆனால் சொன்னால்தான் தூங்கும். பாஸ்கலுக்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் என்விடியா டிரைவரில் இந்தத் தூக்கமே கிடையாது, அவற்றை ஒரேயடியாக அணைத்து வைப்பதுதான் வழி.

என்னுடையது டூரிங். அதற்குச் சொல்ல வேண்டியது ஒரே வரி. /இடிசி/மோட்புரோப்.டி/ கோப்பகத்தில், கான்ஃப் என்று பெயர் முடியும் ஒரு கோப்பை உருவாக்கி அதில் இதை எழுதுங்கள்:

ஆப்ஷன்ஸ் என்விடியா என்விரெக்_டைனமிக்பவர்மேனேஜ்மென்ட்=0எக்ஸ்02

பெரிய எழுத்து, சின்ன எழுத்து இங்கே முக்கியம். என்விரெக் என்பதில் என், வி இரண்டும் பெரியவை, ரெக் (ஆர், இ, ஜி) மூன்றும் சின்னவை. டைனமிக், பவர், மேனேஜ்மென்ட் ஆகிய மூன்றின் முதல் எழுத்தும் பெரியது. பிறகு இனிட்ராம்எஃப்எஸ்-ஐ (தொடக்கத்தில் கர்னலோடு ஏறும் சின்னக் கோப்புத் தொகுப்பு) புதுப்பித்து மறு தொடக்கம் செய்யுங்கள். அந்தப் புதுப்பிப்பை மறந்தால் நீங்கள் எழுதிய வரி கண்டுகொள்ளப்படாமலே போகலாம். வரி ஏறியதா என்று /புரோக்/டிரைவர்/என்விடியா/ஜிபியூஸ்/ கோப்பகத்தில் கார்டின் முகவரிக்கு உள்ளே இருக்கும் பவர் என்ற கோப்பைப் படித்தால் தெரியும். 'ரன்டைம் டி3 ஸ்டேட்டஸ்' என்ற வரியில் 'எனேபிள்ட், ஃபைன்-கிரெயின்ட்' என்று வர வேண்டும்.

எனக்கும் அது வந்தது. கார்டு மட்டும் தூங்கவில்லை.

இங்கேதான் என் இரண்டாவது வார இறுதி போனது. தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிப்பவனை எழுப்ப முடியாது என்பார்கள். இந்தக் கார்டு தூங்கத் தயாராகத்தான் இருந்தது, சுற்றியிருந்தவர்கள்தான் விடவில்லை. என் விஷயத்தில் இரண்டு பேர்.

முதல் ஆளைக் கண்டுபிடித்தபோது சிரிப்பு வந்தது. லேப்டாப் சுடுகிறதே என்று டெஸ்க்டாப்பின் மேல்பட்டையில் வெப்பநிலை காட்டும் விட்ஜெட் ஒன்றைப் போட்டிருந்தேன். அது ஐந்து வினாடிக்கு ஒரு முறை என்விடியா-எஸ்எம்ஐ-யைக் கூப்பிட்டு கார்டின் வெப்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. சூட்டை அளந்துகொண்டிருந்த விட்ஜெட்டுக்கும் அந்தச் சூட்டில் ஒரு பங்கு. விட்ஜெட்டில் ஜிபியூ பகுதியை மட்டும் அணைத்தேன். கான்கி, சிஸ்டம் மானிட்டர்கள், கேமுக்காகப் போட்ட மேலடுக்குகள், எல்லாவற்றையும் இந்தச் சந்தேகத்தோடு பாருங்கள்.

இரண்டாவது ஆள் கொஞ்சம் மறைவானவர். ஒரு என்விடியா கார்டு, சாதனங்களை இணைக்கும் பிசிஐ தடத்தின் பார்வையில் ஒரே சாதனம் இல்லை. முகவரியின் கடைசிப் புள்ளிக்குப் பின் 0 என்பது கிராபிக்ஸ், 1 என்பது எச்டிஎம்ஐ வழியாகப் போகும் ஒலி. டூரிங்கில் 2, 3 என்று யுஎஸ்பி-சி சம்பந்தப்பட்ட இரண்டும் இருக்கலாம். இவர்கள் எல்லோரும் படுத்தால்தான் அந்தக் கார்டுக்கு மின்சாரம் நிற்கும், ஒருவர் விழித்திருந்தாலும் விளக்கு அணையாது. என்னுடையதில் ஒலிப் பகுதி விழித்திருந்தது. 0000:01:00.1 என்ற முகவரியின் கீழ் பவர் கோப்பகத்தில் கன்ட்ரோல் என்ற கோப்பு இருக்கும். அதில் 'ஆன்' என்று இருந்தால் தூங்கக் கூடாது என்று பொருள். 'ஆட்டோ' என்று மாற்ற வேண்டும்:

எக்கோ ஆட்டோ | சுடோ டீ /சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ்/0000:01:00.1/பவர்/கன்ட்ரோல்

இதை எழுதி, பத்து வினாடி பொறுத்து, ரன்டைம்_ஸ்டேட்டஸ் கோப்பைப் படித்தேன். சஸ்பெண்டட். ஃபேன் நின்ற சத்தம் கேட்டது என்று சொல்வது அபத்தம்தான், ஆனாலும் கேட்டது.

அந்த மாற்றம் மறு தொடக்கத்தில் அழிந்துவிடும். நிலைக்க வேண்டும் என்றால் சாதனம் தென்பட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் யூடெவ் விதி ஒன்று எழுத வேண்டும்: பிசிஐ-யில் 10டிஇ என்ற தயாரிப்பாளர் எண் உள்ள எந்தச் சாதனம் வந்தாலும் அதன் பவர்/கன்ட்ரோல் மதிப்பை ஆட்டோ ஆக்கு என்று. 10டிஇ என்பது என்விடியாவின் எண். சில டிஸ்ட்ரோக்களின் டிரைவர் தொகுப்பிலேயே இந்த விதி வந்துவிடுகிறது, முதலில் /யுஎஸ்ஆர்/லிப்/யூடெவ்/ரூல்ஸ்.டி/ கோப்பகத்தில் தேடிப் பாருங்கள்.

யார் கார்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க:

சுடோ எஃப்யூசர் -வி /டெவ்/என்விடியா*

பட்டியலில் எக்ஸார்க் அல்லது உங்கள் டெஸ்க்டாப்பின் பெயர் வந்தால் பதற வேண்டாம். ஃபைன்-கிரெயின்ட் முறையில் ஒரு நிரல் கார்டைத் திறந்து வைத்திருந்தாலும், வேலை கொடுக்காதவரை அது தூங்கும்.

தூக்கம் அமைந்துவிட்டதா? இனி எழுப்புவது. என்விடியாவுக்குப் பல டிஸ்ட்ரோக்களில் பிரைம்-ரன் என்று ஒரு சின்னக் கட்டளை கிடைக்கும். எந்த நிரலுக்கு முன்னால் அதைப் போடுகிறீர்களோ அது பெரிய கார்டில் ஓடும்:

பிரைம்-ரன் பிளெண்டர்

அது மூன்று சூழல் மாறிகளை வைத்துவிட்டு நிரலைக் கூப்பிடுகிறது, வேறு மாயம் இல்லை. உங்கள் டிஸ்ட்ரோவில் இல்லையென்றால் நீங்களே ஒரு ஸ்கிரிப்டாக எழுதிக்கொள்ளலாம். முதலாவது __என்வி_பிரைம்_ரெண்டர்_ஆஃப்லோட்=1, முழுவதும் பெரிய எழுத்து. இரண்டாவது __ஜிஎல்எக்ஸ்_வெண்டார்_லைப்ரரி_நேம்=என்விடியா, இதில் சமக்குறிக்கு இடப்பக்கம் பெரியது, வலப்பக்கம் சின்னது. மூன்றாவது வல்கன் என்ற கிராபிக்ஸ் முறையைப் பயன்படுத்தும் நிரல்களுக்கு: __விகே_லேயர்_என்வி_ஆப்டிமஸ்=என்விடியா_ஒன்லி, இதில் ஆப்டிமஸும் ஒன்லியும் மட்டும் சின்ன எழுத்து. மூன்றிலும் முன்னால் இரண்டு அடிக்கோடு, ஒன்று இல்லை. நான் ஒன்று போட்டுவிட்டு அரை மணி நேரம் விழித்தேன்.

ஏஎம்டி கார்டுக்கும், என்விடியாவுக்கான திறந்த மூல டிரைவரான நூவோவுக்கும் ஒரே மாறி போதும்: டிஆர்ஐ_பிரைம்=1, பெரிய எழுத்தில், நிரலின் பெயருக்கு முன்னால்.

ஓடுகிறதா என்று சோதிக்க ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி கட்டளையை, 'பி' பெரிய எழுத்தாக, சும்மா ஒரு தடவையும் முன்னொட்டோடு ஒரு தடவையும் ஓட்டுங்கள். ரெண்டரர் என்ற வரியில் முதலில் சின்ன கார்டின் பெயரும் பிறகு பெரிய கார்டின் பெயரும் வர வேண்டும். ஸ்டீம் கேம்களுக்கு, கேமின் லான்ச் ஆப்ஷன்ஸ் பெட்டியில் பிரைம்-ரன் %கமாண்ட்% என்று எழுதினால் அந்தக் கேமுக்கு மட்டும் பொருந்தும்.

டெர்மினலே வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்விட்சரூ-கன்ட்ரோல் என்ற சேவை இருக்கிறது. அது இயங்கினால் நோம் டெஸ்க்டாப்பில் ஐகானை வலது கிளிக் செய்யும்போது தனிக் கார்டில் திறக்கும் வாய்ப்பு வரும். எப்போதுமே பெரிய கார்டில் திறக்க வேண்டிய நிரல் என்றால், அதன் டெஸ்க்டாப் கோப்பை உங்கள் வீட்டுக் கோப்பகத்தில் .லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் என்ற இடத்துக்கு நகலெடுத்து, பிரிஃபர்ஸ்நான்டிஃபால்ட்ஜிபியூ=ட்ரூ என்ற வரியைச் சேருங்கள். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் பெரியது, ஜிபியூ முழுவதும் பெரியது, ட்ரூ மட்டும் சின்னது. பிளெண்டருக்கு இப்படிச் செய்து வைத்திருக்கிறேன்.

எச்டிஎம்ஐ பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உள்திரை சின்ன கார்டில் இருந்தாலும், எச்டிஎம்ஐ துளையைப் பல லேப்டாப்களில் பெரிய கார்டோடு இணைத்துவிடுகிறார்கள். அப்படியிருந்தால் வெளி மானிட்டர் செருகியிருக்கும் வரை பெரிய கார்டு தூங்காது. பெரிய கார்டை முழுவதும் அணைத்துவிட்டால் மானிட்டர் வேலையே செய்யாது. ஒரு முறை பேட்டரியைச் சேமிக்க எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பத்துப் பேர் முன்னால் புரொஜெக்டரில் செருகி நின்றேன். நீலத்திரைதான் வந்தது. கேபிளை மாற்றினோம், புரொஜெக்டரை மாற்றினோம். தவறு என் பையில் இருந்தது.

உங்களுடையது எப்படி என்று பார்க்க:

எல்எஸ் -எல் /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம்

ஒவ்வொரு துளைக்கும் ஒரு வரி வரும், அம்புக்குறிக்குப் பின்னால் அது எந்தக் கார்டின் முகவரியில் இருக்கிறது என்று தெரியும். இடிபி என்பது உள்திரை. எச்டிஎம்ஐ வரியில் பெரிய கார்டின் முகவரி இருந்தால், யுஎஸ்பி-சி துளை சின்ன கார்டில் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். என்னுடையதில் இருந்தது. யுஎஸ்பி-சி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு ஒரு மாற்றி போட்டேன், இப்போது மானிட்டர் ஓடும்போதும் என்விடியா தூங்குகிறது. கார்டு0, கார்டு1 என்ற எண்களை நம்பாதீர்கள், தொடக்கத்துக்குத் தொடக்கம் இடம் மாறலாம். முகவரிதான் நிலை.

பாஸ்கல் மாதிரி தூங்கத் தெரியாத கார்டுக்கு முறை மாற்றும் கருவிகள்தான் துணை. உபுண்டுவில் சுடோ பிரைம்-செலக்ட் இன்டெல் என்றால் பெரிய கார்டு அணையும், ஆன்-டிமாண்ட் என்றால் இரண்டும் இருக்கும். மற்ற டிஸ்ட்ரோக்களில் என்விகன்ட்ரோல் அதே வேலையை இன்டக்ரேட்டட், ஹைப்ரிட், என்விடியா என்ற மூன்று பெயர்களில் செய்கிறது. இந்தப் பெயரின் முதல் எழுத்துகள் இ, என், வி, ஒய். மாற்றிய பிறகு மறு தொடக்கம் வேண்டும். பழைய கார்டுக்கு நூவோ டிரைவரிலேயே இருந்துவிடுவதும் உண்டு. கார்டு தூங்கும், ஆனால் எழுந்தால் வேகம் சொற்பம். பாஸ்கல், அதற்கு முந்திய மேக்ஸ்வெல் இரண்டுக்கும் 580 வரிசை டிரைவரே கடைசி என்று என்விடியா அறிவித்துவிட்டதால், புதுப்பிக்கும்போது எந்த வரிசை ஏறுகிறது என்று கவனியுங்கள்.

இந்தக் கருவிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றைப் போட்டு, பிடிக்காமல் நீக்கி, இன்னொன்றைப் போட்டேன். முதலாவது போகும்போது தன் தடைப் பட்டியலை மோட்புரோப்.டி கோப்பகத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தது. இரண்டாவது கருவி 'ஹைப்ரிட்' என்று சொல்ல, டிரைவர் ஏறவே இல்லை. அந்தக் கோப்பகத்தில் பிளாக்லிஸ்ட் என்று தொடங்கும் வரிகளை நான் தேடியிருந்தால் ஒரே நிமிடத்தில் முடிந்திருக்கும். கார்டு செத்துவிட்டது என்றே முடிவு செய்து, லேப்டாப்பைப் பிரிக்க ஸ்குரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு செய்யும்போது என்றாவது ஒரு நாள் கறுப்புத்திரை வரும். வந்தால், தொடக்கத்தில் கிரப் (லினக்ஸை ஏற்றும் மென்பொருள்) காட்டும் பட்டியலில் உங்கள் வரியின் மேல் நின்று 'ஈ' விசையை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 3 என்று எழுதி எஃப்10 அழுத்துங்கள். டெஸ்க்டாப் இல்லாமல் வெறும் எழுத்துத்திரை வரும், உள்நுழைந்து கடைசியாக எழுதிய கோப்பை நீக்கலாம். அதுவும் வராவிட்டால் 3-க்குப் பக்கத்தில் நோமோட்செட் என்றும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் எந்தக் கோப்பைத் தொட்டேன் என்று ஒரு தாளில் எழுதி வைக்கிறேன். கணினிக்குள் எழுதி வைத்தால் கறுப்புத்திரையில் எப்படிப் படிப்பது?

கர்னல் அல்லது டிரைவர் புதுப்பித்த அன்று மட்டும் ரன்டைம்_ஸ்டேட்டஸைப் படிப்பது என் பழக்கம். போன மாதம் ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு 'ஆக்டிவ்' என்று வந்தது. பவர் கோப்பைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒலிப் பகுதியின் கன்ட்ரோல் கோப்பைப் பார்த்தேன், அதுவும் ஆட்டோதான். எஃப்யூசர் ஓட்டினேன். புதிதாகப் போட்ட ஒரு சாட் மென்பொருள் பட்டியலில் இருந்தது, மூடியதும் கார்டு படுத்தது. அதன் அமைப்புகளில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் என்ற குறியை எடுத்துவிட்டுத் திரும்பத் திறந்தேன். அதற்குப் பிறகு கார்டை அது எழுப்பவில்லை.